யுசாவாவில் மூன்று நாள்: தம்பியின் பூட்ஸ்

வெள்ளி இரவு, நிஷிகசாய்

தம்பி பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஐந்து நாள் ஆகிறது. நாளைக் காலை அவனையும் மகளையும் கூட்டிக்கொண்டு, பனிச்சரிவில் நின்றபடி சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டு ஓட்ட, டோக்கியோவிலிருந்து பனிமலை ஊரான எச்சிகோ-யுசாவாவுக்குக் கிளம்புகிறேன். திங்கள் அரசு விடுமுறை, அதனால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வேலை, வர முடியவில்லை.

வந்த அன்றைக்கே தம்பி கேட்டான்: “அக்கா, ஸ்னோபோர்டு ஒண்ணு வாங்கிட்டா என்ன?” வாங்க வேண்டாம், எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும் என்றேன். கிடைக்கும்தான். ஆனால் வாடகைக்கு எடுப்பதிலும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. நான் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

டோக்கியோ வந்த முதல் குளிர்காலத்திலேயே நான் போர்டில் ஏறிவிட்டேன். அன்றைக்கு வாடகைக்கு எடுத்த பூட்ஸ் விரல்களை நெருக்கியது. எனக்கு அப்போது ஜப்பானிய மொழி தெரியாது. திருப்பிக் கொண்டுபோய் வேறு கேட்கக் கூச்சம். வலியைப் பொறுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டினேன். ராத்திரி பார்த்தால் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. இந்த விளையாட்டு நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி, இரண்டு குளிர்காலம் மலைப்பக்கமே போகவில்லை. மூன்றாவது வருடம் ஒரு தோழி வற்புறுத்திக் கூட்டிப்போய், கடையில் உட்காரவைத்து, நான்கு ஜோடி பூட்ஸ் மாட்டிப் பார்க்கச் சொன்னாள். நான்காவது ஜோடியில் கால் சரியாக உட்கார்ந்தது. அன்றைக்கு மாலைக்குள் போர்டைத் திருப்பி ஓட்டக் கற்றுக்கொண்டேன். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. தம்பிக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: தோலில் படுவதைச் சொந்தமாக வாங்குவேன், மற்றதை வாடகைக்கு எடுப்பேன். கையுறை, தொப்பி, காகிள்ஸ், சாக்ஸ் எல்லாம் வாடகைக் கடைகளில் பெரும்பாலும் விலைக்குத்தான் வைத்திருப்பார்கள், மலையடிவாரத்தில் விலையும் கூடுதல். அதனால் நேற்றே கண்டா பக்கம் ஒகாவாமாச்சிக்குப் போனோம். அந்தத் தெருவில் வரிசையாக விளையாட்டுச் சாமான் கடைகள். தம்பிக்கு முழங்கால் வரை வரும் கம்பளி சாக்ஸ் 2 ஜோடி, தண்ணீர் இறங்காத கையுறை, காகிள்ஸ் வாங்கினோம். பருத்தி சாக்ஸ் ஆகவே ஆகாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், பிறகு கால் விறைத்துவிடும். ஜீன்ஸும் அப்படித்தான், நனைந்தால் காயாது.

போர்டு, பூட்ஸை அதில் பூட்டும் பைண்டிங், பூட்ஸ், ஹெல்மெட், மேலே போடும் சட்டை, கால்சட்டை எல்லாம் வாடகை. கடையின் படிவத்தை முன்கூட்டியே நிரப்பி அனுப்பச் சொன்னார்கள். உயரம் 170, எடை 66. போர்டின் நீளத்துக்கு உயரத்தைவிட எடைதான் முக்கியம், ஏனென்றால் போர்டை வளைப்பது எடைதானே. அதனால் எடையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அப்புறம் கால் அளவு. “எட்டு” என்றான். இங்கே எட்டு, ஒன்பது எல்லாம் செல்லாது, சென்டிமீட்டரில் சொல்ல வேண்டும். சுவரோடு குதிகாலை ஒட்டவைத்து, காகிதத்தின் மேல் நிற்கச் சொல்லி, பெருவிரல் நுனியில் பென்சிலால் கோடு போட்டேன். அளந்தால் 26.3. படிவத்தில் 26.5 என்று எழுதினேன். அதற்குள் மகள் தன் காலையும் கொண்டுவந்து காகிதத்தில் வைத்துவிட்டாள். போன வருடத்தைவிட ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது.

சனி இரவு, எச்சிகோ-யுசாவா

காலையில் தோசாய் ரயிலில் ஒத்தேமாச்சி, அங்கிருந்து சுரங்க நடைபாதை வழியே டோக்கியோ நிலையம், அங்கிருந்து ஜோயெத்சு ஷின்கான்சென் அதிவேக ரயில். டோக்கியோவில் நல்ல வெயில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. “பனி இருக்குமாக்கா?” என்று தம்பி இரண்டு தடவை கேட்டான். பதில் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன்.

தக்காசாகி தாண்டியதும் மலைகள் நெருங்கி வந்தன. அப்புறம் தாய்-ஷிமிசு சுரங்கம். 22 கிலோமீட்டர் நீளம், மலைத்தொடரைக் குடைந்து மறுபக்கம் போகிறது. சில நிமிடம் இருட்டு. வெளியே வந்ததும் எல்லாமே வெள்ளை. கூரை, வயல், பாலம், கம்பி, எதற்கும் வேறு நிறம் இல்லை. தம்பி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். நான் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, இன்றைக்கும் நெஞ்சு விம்மியது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று, வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. இந்த மலையில் முட்டி ஏறும்போது அத்தனையையும் இந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. டோக்கியோவுக்கு மிஞ்சுவது காய்ந்த காற்றும் வெயிலும்தான்.

எச்சிகோ-யுசாவாவுக்கு அடுத்த நிறுத்தம் காலா யுசாவா. குளிர்காலத்தில் மட்டும் திறக்கும் நிலையம் அது, 1990 டிசம்பரில் வந்தது. ரயிலிலிருந்து இறங்கி அதே கட்டடத்தில் சாமான் வாடகைக்கு எடுத்து, அங்கேயே கம்பிவடத்தில் தொங்கிப் போகும் கூண்டான கோண்டோலா ஏறி மலைக்குப் போய்விடலாம். ஒரே நாளில் போய்வருகிறவர்களுக்கு அதைவிடச் சௌகரியம் கிடையாது. நாங்கள் அதற்கு முந்தைய நிலையத்தில் இறங்கினோம். ஊருக்குள் ஒரு வயதானவரும் அவர் மனைவியும் நடத்தும் சின்னக் கடையில் மூன்று நாளுக்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருந்தேன். ஒருவரே பார்த்து மாட்டிவிடுவார். சரிப்படவில்லை என்றால் மாலையிலேயே போய் மாற்றிக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும் சாலையின் நடுவே வரிசையாக சின்னச் சின்னக் குழாய்கள் நிலத்தடி நீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. பனியை உருக்கத்தான். தண்ணீரில் இரும்பு இருப்பதால் சாலை முழுக்கத் துருச் சிவப்பு. தம்பியின் புது கேன்வாஸ் ஷூவும் அந்த நிறத்துக்கு வந்துவிட்டது.

கடைக்குள் மெழுகு வாசனையும் ஈரத் துணி வாசனையும். சுவரில் ஹிரானோ அயுமுவின் படம். இதே நீகாத்தா மாகாணத்தில் முராகாமி ஊர்க்காரர், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், பாதிக் குழாய் போன்ற பனிப் பள்ளத்தில் ஸ்னோபோர்டு ஓட்டும் ஹாஃப்பைப்பில் தங்கம் வாங்கினார். கடைக்காரப் பெரியவர் தம்பியைப் பார்த்து ஏதோ கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள்: “மாமா, எந்தக் கால் முன்னாடி வரும்னு கேக்குறாங்க.” அவனுக்கு எப்படித் தெரியும்? இடது கால் முன்னே வந்தால் ரெகுலர், வலது கால் வந்தால் கூஃபி. பெரியவர் அவனை சாக்ஸோடு மரத்தரையில் ஓடிவந்து சறுக்கச் சொன்னார். மூன்று தடவையும் வலது கால்தான் முன்னே வந்தது. கூஃபி. வலது கையால் எழுதுகிறவன், ஆனால் கிரிக்கெட்டில் இடது கை ஆட்டக்காரன். அங்கேயும் அவனுக்கு வலது கால்தான் முன்னே நிற்கும். பெரியவர் திருகாணியைக் கழற்றி, பைண்டிங்கின் கோணத்தை அவனுக்கு மாற்றி வைத்தார். முன்னங்கால் 15 டிகிரி, பின்னங்கால் எதிர்ப்பக்கம் 9 டிகிரி. வாத்து நடப்பது போல் பாதம் இரண்டும் வெளியே திரும்பியிருக்கும், புதியவர்களுக்கு முழங்கால் மடக்க இதுதான் எளிது. போர்டு நீளம் 152, நிறுத்திவைத்தால் அவன் தாடையைக் கொஞ்சம் தாண்டும்.

நான் கல்லாவில் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். வயதுவந்த ஒருவருக்கு போர்டு, பூட்ஸ் சேர்த்து ஒரு நாளுக்கு 5,000 யென், உடை தனி. அதன்பின் மகளின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்புவதற்குள் தம்பி தயாராகி நின்றான். “சரியா இருக்கா?” “சூப்பரா இருக்குக்கா.” நான் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

மலையில் முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. விழப் பழகுவதுதான் முதல் பாடம். கையை விரித்து ஊன்றாதே, முஷ்டியை மூடி முன்கையோடு விழு என்று சொல்லிக்கொடுத்தேன். புதியவர்கள் அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். அப்புறம் குதிகால் பக்க விளிம்பில் நின்று, இடமும் வலமும் அசைந்து அசைந்து இறங்குவது. ஜப்பானியர்கள் இதைக் கொனோஹா-ஒத்தோஷி, அதாவது இலையுதிர்தல் என்கிறார்கள். இலை விழுவது போலவே இருக்கும்.

முகம் மலைப்பக்கம் பார்க்க, விரல் பக்க விளிம்பில் நிற்கச் சொன்னபோதுதான் பிரச்சினை. அவன் முழங்காலை மடக்குகிறான், உடம்பைச் சாய்க்கிறான், போர்டு அசையவே இல்லை. திடீரென்று அசைந்தால் ஆளைத் தூக்கி எறிகிறது. பன்னிரண்டு, பதிமூன்று தடவை விழுந்திருப்பான். பட்டையை இன்னும் இறுக்கினான். இறுக்க இறுக்கக் கால் மரத்துப்போனது. 2 மணிக்குப் பனியில் உட்கார்ந்துவிட்டான். “எனக்கு இது வராதுக்கா. நீங்க ரெண்டு பேரும் போங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் என்றைக்கோ சொன்ன அதே வார்த்தை.

அறைக்கு வந்து பூட்ஸைக் கழற்றினேன். உள்ளே கம்பளி சாக்ஸ், அதற்குள்ளே இன்னொரு சாக்ஸ், பருத்தி. ஊரிலிருந்து கொண்டுவந்தது. குளிருமே என்று காலையில் சொல்லாமல் போட்டிருக்கிறான். இரண்டு சாக்ஸோடு 26.5 இறுக்கமாக இருக்க, பெரியவரிடம் கையால் சைகை காட்டி 27.5 வாங்கியிருக்கிறான். உள் சாக்ஸ் நனைந்து, குதிகாலில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டிருந்தது. மடிப்பு இருந்த இடத்தில் தோல் சிவந்து கொப்புளம். பாதம் ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. குளிருக்குப் பயந்து போட்டதுதான் குளிரைக் கொண்டுவந்திருக்கிறது.

திட்டவில்லை. வெந்நீரில் காலை வைக்கச் சொல்லிவிட்டு, கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்துக் கொடுத்தேன். கடை மூடிவிட்டது. நாளைக் காலை முதல் வேலை அதுதான்.

ஞாயிறு இரவு

8 மணிக்குக் கடை வாசலில் நின்றோம். ராத்திரி பெய்த பனியைப் பெரியவர் சட்டிபோன்ற பெரிய அகப்பையால் தள்ளிக்கொண்டிருந்தார். விஷயத்தை மகள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கொப்புளத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார், உள்ளே போய் ஒரு பிளாஸ்திரி கொண்டுவந்து அவரே ஒட்டிவிட்டார்.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பூட்ஸ் மாட்டப்போகும் எல்லாருக்கும் உதவும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், சுருக்கமில்லாமல் மேலே இழுத்துவிட்டது. கால்சட்டையின் உள்துணி, உள்ளே போடும் கால்சட்டையின் நுனி, எதுவும் பூட்ஸுக்குள் போகக் கூடாது. காலை நுழைத்ததும் உட்கார்ந்தபடியே குதிகாலால் தரையை மூன்று தடவை ஓங்கித் தட்டச் சொன்னார். குதிகால் பின்னால் போய் அதன் குழியில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். முதலில் லைனர் எனப்படும் மெத்தென்ற உள்ளுறையின் கயிறு. அப்புறம் வெளியே இருக்கும் திருகு. அதை அமுக்கி, கடிகாரச் சுற்றில் திருப்பினால் டிக் டிக்கென்று மெல்லிய கம்பி இழுபடும், வெளியே இழுத்தால் மொத்தமாக விட்டுவிடும். எழுந்து நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொடுகிறது. முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்குகிறது. அவ்வளவுதான் இடம் இருக்க வேண்டும்.

பெரியவர் மண்டிபோட்டு உட்கார்ந்து, பூட்ஸின் பின்புறத்தை இரண்டு கையாலும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். “மாமா, இப்ப நுனிக்கால்ல நிக்கணுமாம். ககாத்தோ மேல வருதான்னு கேக்குறாங்க,” என்றாள் மகள். அவளுக்குக் குதிகால் என்ற சொல் சட்டென்று வரவில்லை. முதலில் கொடுத்த 26.5-ல் குதிகால் ஒரு விரல்கடை எழும்பியது. அளவு சரி, ஆனால் வடிவம் சேரவில்லை. வேறு கம்பெனியின் 26.5 எடுத்துவந்தார். தம்பி எழும்பினான், குதிகால் அசையவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். “அக்கா, இது வேற மாதிரி இருக்கு. கால் பூட்ஸுக்குள்ள இல்ல, பூட்ஸே கால் மாதிரி இருக்கு.”

நேற்று போர்டு ஏன் பேச்சைக் கேட்கவில்லை என்பது இதில்தான் இருக்கிறது. விரல் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கணுக்காலை மடக்கி, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தை பூட்ஸின் நாக்கில் சாய்க்க வேண்டும். குதிகால் உள்ளுக்குள் மிதந்தால் அந்த அழுத்தம் போர்டுக்குப் போவதற்கு முன்னால் பூட்ஸுக்குள்ளேயே கரைந்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த போர்டு எடுத்தாலும் பயனில்லை. கடைக்குப் போகிறவர்கள் போர்டின் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அரை மணி செலவழிக்கிறார்கள், பூட்ஸுக்கு இரண்டு நிமிடம். தலைகீழாகச் செய்ய வேண்டும்.

மலையில் இன்று மெல்லிய பனித்தூறல். மலைமேல் கொண்டுபோகும் தொங்கு நாற்காலியான லிஃப்டில் முன்னங்காலை மட்டும் போர்டோடு பூட்டிக்கொண்டு ஏற வேண்டும், இன்னொரு கால் சும்மா. தொங்கும் போர்டின் கனம் முழங்காலை இழுக்கும். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, “ஸ்னோபோர்டை யாரும்மா கண்டுபிடிச்சது?” என்றாள். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஷெர்மன் போப்பன் என்பவர், 1965 கிறிஸ்துமஸ் அன்று தன் பெண் குழந்தைகள் விளையாட இரண்டு ஸ்கீயைச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார் என்று சொன்னேன். ஸ்னர்ஃபர் என்று பெயர். அதில் காலைப் பூட்ட எதுவும் கிடையாது. முன்னால் ஒரு கயிறு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பொம்மையாகத் தொடங்கியது, 1998-ல் இங்கே பக்கத்து மாகாணமான நாகானோவில் ஒலிம்பிக் போட்டியாகவே வந்துவிட்டது. அந்த நாகானோவுக்கு இந்தியாவிலிருந்து போனது ஒரே ஒருவர், 16 வயது சிவ கேசவன், சின்னச் சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்து ஐஸ் பாதையில் இறங்கும் லூஜ் பந்தயத்துக்கு. மகளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. “தனியாவா போனாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

லிஃப்டிலிருந்து இறங்குவதில் தம்பி இரண்டு தடவை விழுந்தான். மூன்றாவது தடவை விழவில்லை. மதியத்துக்கு மேல் விரல் பக்க விளிம்பில் நின்றான். நின்றான் என்றால், மலையைப் பார்த்தபடி, முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் பனி, காலடியில் போர்டு சர்ரென்று தேய, பத்து மீட்டர் அப்படியே வழுக்கி இறங்கி, தானாகவே நிறுத்தினான். “அக்கா பாத்தியா!” என்று கத்தினான். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றபோது அதே குரலில்தான் கத்தினான்.

சாப்பாட்டு விடுதிக்கு வெளியே நூறு போர்டு ஒரே மாதிரி சாய்த்து வைத்திருப்பார்கள், வாடகை போர்டுகள் என்றால் கேட்கவே வேண்டாம். அம்மா பலகாரம் கொடுத்தனுப்பிய மஞ்சப்பையிலிருந்து ஒரு துண்டு கிழித்து எங்கள் மூன்று போர்டிலும் கட்டியிருக்கிறேன். தூரத்திலிருந்தே தெரிகிறது.

ராத்திரி விடுதியில் சோறு. இந்தப் பக்கத்து மினாமி-உவோனுமா கோஷிஹிகாரி அரிசிக்கு நாடு முழுக்கப் பேர். மலையில் உருகும் இந்தப் பனிதான் அந்த வயல்களுக்குத் தண்ணீர். தம்பி கடையில் தயிர் வாங்கிவந்து பிசைந்து, நார்த்தங்காய் ஊறுகாயோடு மூன்று கிண்ணம் சாப்பிட்டான்.

திங்கள், திரும்பும் ரயிலில்

இன்று பாதி நாள்தான். வானம் வெளுத்து, எதிரே மலைகள் வரிசையாகத் தெரிந்தன. காலையில் தம்பி பூட்ஸை அவனே மாட்டினான். குதிகாலை மூன்று தடவை தட்டும் சத்தம் கேட்டது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

11 மணிக்கு, சரிவு அகலமாக இருக்கும் ஓர் இடத்தில், குதிகால் விளிம்பிலிருந்து விரல் விளிம்புக்கு முதல்முறையாகத் திரும்பினான். நடுவில் ஒரு கணம் போர்டு நேராகக் கீழே பார்த்து ஓடும். அந்தக் கணத்தில் பயந்து பின்னால் சாய்ந்தால் விழுந்துவிடுவோம். அவன் சாயவில்லை. திரும்பினான், நின்றான், மறுபடி திரும்பினான். அடுத்தடுத்து நான்கு. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காகிள்ஸுக்குள் கண்ணீர் வந்து கண்ணாடி மூடிக்கொண்டது, கழற்றித் துடைத்தேன்.

சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது மஞ்சள் துணிகளை அவிழ்த்துக்கொண்டோம். பெரியவர் போர்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார், பைண்டிங் பட்டைகளை எண்ணினார், தலையாட்டினார். பூட்ஸை வாங்கி லைனரை உருவி, வெந்காற்று வரும் குழாய்களில் தலைகீழாகச் செருகினார். சுவர் நெடுக அப்படி நாற்பது ஐம்பது லைனர்கள் காய்ந்துகொண்டிருந்தன. தம்பி தன்னுடையது எது என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

கிளம்பும்போது பெரியவரின் மனைவி ஒரு சின்னச் சீட்டை நீட்டினார். பூட்ஸ் கம்பெனியின் பெயர், 26.5, வலது கால் முன்னே, 15, 9, போர்டு 152. எல்லாம் பேனாவில். அடுத்த தடவை எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் காட்டினால் போதுமாம். தம்பி இரண்டு கையாலும் வாங்கி, பர்ஸில் அம்மா அப்பா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.

இப்போது சுரங்கம் தாண்டியாயிற்று. வெளியே நல்ல வெயில், பனியே இல்லை. மகள் தூங்கிவிட்டாள். தம்பி கைப்பேசியில் அடுத்த டிசம்பருக்கு விமானக் கட்டணம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.